வாத்தியார் கடைசியாக எப்போது படித்தார்?

(கம்பத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே! பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே! உட்காருங்கள், இடம் இருக்கிறது.

கல்விக் கூட்டம் என்றதும் நீங்கள் என்ன எதிர்பார்த்து வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் பிள்ளைகள் படிக்க வேண்டும், ஐ.ஏ.எஸ். ஆக வேண்டும், சச்சார் அறிக்கை என்ன சொன்னது, இட ஒதுக்கீடு எத்தனை சதவீதம் என்றெல்லாம் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். 2006ல் சச்சார் குழு அறிக்கை வந்தது. 2007ல் தமிழ்நாட்டில் நமக்கு மூன்றரை சதவீதம் தனி ஒதுக்கீடு வந்தது. அவற்றைப் பற்றி மேடைதோறும் பேசியாகிவிட்டது. இனியும் பேசுவார்கள், பேசட்டும். பிள்ளைகள் படிப்பதைப் பற்றிப் பேச நான் இன்று வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் படிக்கிறாரா என்று கேட்க வந்திருக்கிறேன்.

நானும் வாத்தியார்தான். இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவன். அதனால் யாரையும் குத்திக்காட்டப் பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் குற்றவாளி நான்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

வியாபாரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்களில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள. போடியிலும் புற்றடியிலும் இன்று ஏலத்தில் என்ன விலை போனது என்று பார்க்காமல் எவராவது தூங்கப் போவதுண்டா? எட்டு எம்.எம். காய்க்கு என்ன, அடுத்த ரகத்துக்கு என்ன, குவாத்தமாலாவில் மகசூல் எப்படி, சவூதியில் கிராக்கி எப்படி, எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறீர்கள். ஒரு காலத்தில் சாக்கு மூட்டையும் ஏலக்காரர் குரலுமாக நடந்த வியாபாரம் கம்ப்யூட்டர் ஏலத்துக்குப் போனபோது, எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நீங்கள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அறுபது வயது பெரியவர்கூட கற்றுக்கொண்டார். கற்காதவர் கடையை மூடினார். வியாபாரத்தில் இது இயல்பு.

அதே நீங்கள் உங்கள் பிள்ளையை ஒப்படைத்திருக்கிற ஆசிரியர், பி.எட். பரீட்சை எழுதிய நாளுக்குப் பிறகு தன் தொழிலைப் பற்றி ஒரு புத்தகமாவது படித்தாரா என்று கேட்டிருக்கிறீர்களா? பள்ளியில் சேர்க்கும்போது ஏ.சி. வகுப்பறை இருக்கிறதா, வேன் வருமா, இங்கிலீஷ் மீடியமா என்று கேட்கிறீர்கள். இதை மட்டும் கேட்பதில்லை. கேட்கலாம் என்பதே நமக்குத் தோன்றவில்லை.

நான் சொல்வது பாடநூலை அல்ல. கைடையும் அல்ல. குழந்தை எப்படிக் கற்கிறது, ஏன் பயப்படுகிறது, ஒரு பிள்ளைக்குச் சட்டென்று வருவது இன்னொரு பிள்ளைக்கு ஏன் வருவதில்லை, உலகத்தில் மற்ற ஆசிரியர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்களே, அந்தப் புத்தகங்களைச் சொல்கிறேன். டாக்டருக்கு மருத்துவ இதழ் இருக்கிறது. வக்கீலுக்குத் தீர்ப்புத் தொகுப்பு இருக்கிறது. வாத்தியாருக்கு மட்டும் ஒன்றும் வேண்டாமா?

என் கதை

1994ஆம் ஆண்டு. ஐந்தாம் வகுப்பு. என் வகுப்பில் ஒரு பையன். அவன் அத்தா தள்ளுவண்டியில் காய்கறி வியாபாரம். பையன் கணக்கில் கெட்டிக்காரன். மூன்றே முக்கால் கிலோ தக்காளி, கிலோ நாலரை ரூபாய் என்றால் நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் வாயாலேயே சொல்லிவிடுவான். ஆனால் வாசிக்கச் சொன்னால் ஒரு வரி நகராது. 'கடல்' என்பதைப் 'படல்' என்பான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். நேற்றுச் சரியாக எழுதிய சொல்லை இன்று தப்பாக எழுதுவான்.

நான் என்ன செய்தேன்? அடித்தேன். கணக்குப் போடத் தெரிகிற மூளைக்கு வாசிக்க மட்டும் தெரியாதா, இது திமிர், சோம்பேறித்தனம் என்று முடிவு செய்தேன். மற்ற பிள்ளைகள் முன்னால் நிற்கவைத்து வாசிக்கச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. அவன் அத்தாவிடம் கேட்டேன். “வண்டிக்கு ஒரு ஆள் வேணும் சார், அவனுக்கும் படிப்பு ஏறல” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வகுப்பின் தேர்ச்சி விகிதம் கூடியது என்று அப்போது ஒரு நிம்மதிகூட இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2008ல், ஒரு பயிற்சி வகுப்பில் கற்றல் குறைபாடு பற்றிய ஒரு சிறு நூலைக் கையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது புரட்டினேன். டிஸ்லெக்சியா என்று ஒன்று இருக்கிறதாம். நல்ல அறிவுள்ள பிள்ளைக்கும் எழுத்தை ஒலியோடு பொருத்திப் பார்ப்பது கடினமாக இருக்குமாம். அது சோம்பேறித்தனம் அல்லவாம். அடியால் தீராதாம். கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, விரலால் எழுதித் தடவுவது மூன்றையும் சேர்த்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் வாசிக்க வந்துவிடுமாம். பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பையன் நின்றான். தேனியில் இறங்க வேண்டியவன் இறங்காமல் போய்விட்டேன்.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலேயே இந்தப் பிள்ளைகளுக்காக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அதாவது நான் அவனை அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இதே தமிழ்நாட்டில், இதற்கு வழி தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்தச் செய்தி வைகையைத் தாண்டி என்னிடம் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. நான் தேடிப் போகவில்லை. என் மேஜையில் இருந்தவை பாடநூல், கைடு, வருகைப் பதிவேடு, பிரம்பு.

போன வருடம் கம்பம் மார்க்கெட்டில் ஒரு கடையில் “வாங்க சார்” என்று ஒரு குரல். அவன்தான். சொந்தக் கடை, இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். மரியாதையாக ஸ்டூல் போட்டு டீ வாங்கிக் கொடுத்தான். சரக்கு வந்த பில்லை வேலைக்காரப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “என் மகன் நாலாவது படிக்கிறான் சார். அவனுக்கும் எழுத்து நிக்க மாட்டேங்குது.”

இந்தக் கூட்டத்துக்கு நான் ஒத்துக்கொண்டதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

என்ன படிப்பது?

பெரிய பெரிய ஆங்கிலப் புத்தகங்களைச் சொல்லி மிரட்ட மாட்டேன். தமிழிலேயே கிடைப்பவை இருக்கின்றன.

முதலில் ‘பகல் கனவு’. எழுதியவர் கிஜுபாய் பதேக்கா, குஜராத்திக்காரர். 1885ல் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தவர். தமக்கு மகன் பிறந்ததும், இவனை எப்படிப் படிக்கவைப்பது என்று தேடத் தொடங்கினார். மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறை அவர் கண்ணில் பட்டது. கடைசியில் வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டு வாத்தியாராகிவிட்டார். பாவ்நகரில் 1920ல் பால மந்திர் என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். நம் ஊரில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறோம்!

அந்தப் புத்தகம் கதை போல இருக்கும். ஓர் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் போய், எனக்கு ஒரு வகுப்பை ஓராண்டுக்குக் கொடுங்கள், என் முறையில் நடத்திப் பார்க்கிறேன் என்று கேட்கிறார். நாலாம் வகுப்பைக் கொடுக்கிறார்கள். முதல் நாளே படுதோல்வி. பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்க ஒரு விளையாட்டு நடத்தப் பார்க்கிறார். வகுப்பே சந்தைக்கடை ஆகிவிடுகிறது. புத்தகத்தில் படித்ததை அப்படியே கொண்டுபோய் வகுப்பில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். பிறகு அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். பிள்ளைகள் கதைக்காக ஓடி வருகிறார்கள். பாடநூல் வாங்குகிற காசைச் சேர்த்து வகுப்புக்கென்று ஒரு நூலகம் உண்டாக்கப் பார்க்கிறார். பெற்றோர் முணுமுணுக்கிறார்கள். சக ஆசிரியர்கள் கேலி செய்கிறார்கள். அதிகாரி சந்தேகமாகப் பார்க்கிறார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய புத்தகம்தான். ஆனால் இன்றைக்கு உத்தமபாளையத்தில் ஒருவர் இதே வேலையைத் தொடங்கினாலும் இதே முணுமுணுப்புதான் கேட்கும்.

இரண்டாவது ‘டோட்டோ சான்’. ஜப்பானில் தெட்சுகோ குரோயாநாகி என்ற அம்மையார் தம் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதி 1981ல் வெளியிட்ட புத்தகம். ஒரு பள்ளி அந்தச் சிறுமியைத் தாங்க முடியாமல் வெளியே அனுப்பிவிடுகிறது. மேஜையைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஜன்னலருகே நின்று தெருவில் போகும் பாட்டுக்காரர்களைக் கூப்பிடுகிறாள் என்பதுதான் குற்றச்சாட்டு. அடுத்த பள்ளியின் பெயர் தொமோயி. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். தலைமையாசிரியர் கொபாயாஷி முதல் நாள் அந்தச் சிறுமியை உட்காரவைத்து, அவள் பேசுவதை நான்கு மணி நேரம் குறுக்கிடாமல் கேட்கிறார். நான்கு மணி நேரம்! நான் என் பணிக்காலத்தில் எந்தப் பிள்ளை பேசுவதையும் நான்கு நிமிடம் சேர்ந்தாற்போல் கேட்டதில்லை. அந்தப் பள்ளி 1945ல் டோக்கியோ மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோனது. அங்கே படித்த சிறுமி எழுதிய புத்தகம் தமிழ்வரை வந்திருக்கிறது.

மூன்றாவது, நம்மவர் எழுதியது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’. 1990களில் வந்த குறுநாவல். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். விஞ்ஞான ஆசிரியை ஒருவர் சொல்வதாக எழுதியிருக்கிறார். ஆயிஷா கேள்வி கேட்கிற பெண். காந்தத்தைப் பற்றி அவள் கேட்கிற ஒரு கேள்வி, வகுப்பையும் தாண்டி அந்த ஆசிரியையின் வாழ்க்கையையே அசைக்கிறது. மற்ற ஆசிரியைகளுக்கோ கேள்வி கேட்பது அடங்காமை. அடிக்கிறார்கள். அடி வலிக்காமல் இருக்க மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று தன் உடம்பிலேயே சோதனை செய்துகொண்டு அந்தப் பெண் இறந்துபோகிறாள். பெயரைக் கவனியுங்கள். நம் வீட்டுப் பெண் பெயர். எழுதியவர் நம் சமுதாயத்தவர் அல்லர். நம் வீட்டு ஆயிஷாக்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், கேள்வி கேட்டால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று நாம் விசாரித்திருக்கிறோமா?

2009ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் பிரம்பைப் பிடுங்கிவிட்டது. அந்தக் கையில் வேறு எதையாவது கொடுக்க வேண்டுமே, அதைச் சட்டம் செய்யாது.

இன்னும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்துக்குப் பக்கத்து மலையில் பார்பியானா என்று ஒரு குக்கிராமம். அங்கே லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளியில் ஃபெயிலாக்கி விரட்டப்பட்ட விவசாயி வீட்டுப் பையன்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன்களில் எட்டுப் பேர் சேர்ந்து தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம் 1967ல் புத்தகமாக வந்தது. வெறும் அழுகை இல்லை. எந்தத் தொழில் செய்கிறவர் பிள்ளை எத்தனை பேர் ஃபெயில், எத்தனை பேர் பாஸ் என்று கணக்கெடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கணக்கை நம் பள்ளத்தாக்கில் எடுத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் ஜீப்பாக ஏலத் தோட்டத்துக்கு மலை ஏறுகிறார்களே தாய்மார்கள், அந்த வீட்டுப் பிள்ளை தானே எழுந்து, தம்பியை எழுப்பி, இருப்பதைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு வருகிறது. வகுப்பில் தூங்கி விழுகிறது. வீட்டுப்பாடம் எழுதவில்லை. அதை முட்டிபோட வைக்கிற ஆசிரியர் பார்பியானா பையன்களின் கடிதத்தைப் படித்திருந்தால் அந்தக் கை கொஞ்சம் தயங்கும். பேராசிரியர் ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’ என்ற தமிழ்ப் புத்தகத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் கடைசிப் பெஞ்சுக்காரனுக்கு என்ன இடம் என்று கேட்கிற புத்தகம்.

பயிற்சி இல்லையா என்றால்

அரசு பயிற்சி கொடுக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். கொடுக்கிறது. 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கல்விக் குழுவே, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி வேண்டும் என்று சொன்னது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. நம் தேனி மாவட்டத்துக்கான நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் உத்தமபாளையத்தில்! ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இருக்கிற அதே ஊரில். 1956ல், மதுரைக்குப் போய்த்தான் பட்டம் படிக்க வேண்டும் என்று இருந்த காலத்தில், இந்தப் பள்ளத்தாக்குக்கே ஒரு கல்லூரியைக் கொண்டுவந்து வைத்தார்கள் நம் முன்னோர். அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நாம் நெஞ்சை நிமிர்த்துகிறோம். அதே ஊரில் இருக்கிற ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் வாசலை நம் பள்ளிகளை நடத்துகிறவர்களில் எத்தனை பேர் மிதித்திருப்பார்கள்?

பயிற்சியில் நல்லதும் உண்டு, சடங்கும் உண்டு. இரண்டிலும் உட்கார்ந்தவன் நான். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2012ல் முப்பருவ முறை வந்தது. 2022ல் எண்ணும் எழுத்தும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி. மேலிருந்து ஒரு கருத்தாளர் கேட்டு வந்து அடுத்தவருக்குச் சொல்வார், அவர் எங்களுக்குச் சொல்வார். மூன்றாவது கைக்கு வரும்போது ஏன் செய்கிறோம் என்பது உதிர்ந்துபோய், எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது மட்டும் மிஞ்சும். செயல்வழிக் கற்றல் அட்டைகளை ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் எந்த எண்ணத்தில் உருவாக்கினார்கள் என்று தெரிந்துகொண்டவர், அட்டை கிழிந்துபோனாலும் வகுப்பை நடத்தினார். தெரியாதவர் அட்டையை அலமாரியில் பூட்டிவைத்தார், கிழிந்தால் தணிக்கையில் கேட்பார்களே என்று! பள்ளிக் கல்வித் துறை 2022ல் ஆசிரியர்களுக்கென்றே ‘கனவு ஆசிரியர்’ என்று ஒரு மாத இதழைத் தொடங்கியது. நல்ல காரியம். அது வந்ததும் பிரிக்கப்பட்டதா என்று கேட்டால் நான் பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது.

சுயநிதிப் பள்ளி, நர்சரிப் பள்ளி ஆசிரியைகளின் நிலைமை இன்னும் பரிதாபம். அவர்களில் பலருக்கு எந்த அழைப்பும் வருவதில்லை. நம் பெண் பிள்ளைகள்தான் அங்கே அதிகம் வேலை பார்க்கிறார்கள். பட்டம் வாங்கிய மறு மாதம் வகுப்பில் நிற்கிறார்கள். மக்தபில் ஓதிக்கொடுக்கிற உஸ்தாதுகளுக்கும் இதுதான் நிலைமை. குழந்தை மனத்தைப் பற்றி அவர்களுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தோம்? கேட்டால் வருத்தப்படுவார்கள் என்று கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

இப்போது ஒரு புதிய நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை சொல்லிக்கொடுக்கிற, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தக் கல்விச் சட்டம் பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. உடனே இரண்டு விதமான பேச்சு. அரசுப் பள்ளி ஆசிரியர் முகத்தில் பயம். ஐம்பது வயதில், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் தலைமேல் இருக்கும்போது, கைடு வாங்கிப் பரீட்சைக்குப் படிக்கிற கொடுமையை நான் நேரில் பார்க்கிறேன். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. நம் சிறுபான்மைப் பள்ளிகளிலோ, நமக்கு இது வராது என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியோடுதான் எனக்குச் சண்டை. விலக்கு நம் உரிமை என்றால் அதற்காக நீதிமன்றத்தில் வாதாடுவோம், சங்கடமில்லை. ஆனால் நம் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு, தொழிலில் தேறாத ஆசிரியரே போதும் என்று எந்த அரசியல் சட்டப் பிரிவும் சொல்லவில்லை. அந்தத் தகுதித் தேர்வின் 150 வினாக்களில் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் பற்றியவை. கைடில் அதை மனப்பாடம் செய்கிறார்கள். ‘பகல் கனவு’ம் ‘டோட்டோ சா’னும் படித்துவிட்டு ஒருவர் அந்த 30 வினாக்களின் பக்கம் போனால், கேட்கப்படுவது என்ன என்பதாவது அவருக்குப் புரியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வியாபாரிகள் சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஜமாஅத்துகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டுகின்றன. கல்வெட்டில் பெயர் பொறிக்கிறோம். மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதன் இறக்கையிலும் பெயர் எழுதுகிறோம். (சிரிக்காதீர்கள், நான் எழுதி வாங்கியிருக்கிறேன்.) ஆசிரியர் அறையில் புத்தகம் வாங்கி வைக்க எவரும் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் சொன்னவையும் அவற்றைப் போன்றவையுமாகப் பத்துப் புத்தகங்கள் வாங்க, ஒரு கூட்டத்துக்கு வைக்கிற பேனர் செலவு போதும். ஆளுக்கு ஒரு பிரதி தேவையில்லை. கை மாறிப் படிக்கட்டும். அழுக்காகட்டும். புதுசு கலையாமல் கண்ணாடி அலமாரியில் இருந்தால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள், நான் வந்து எடுத்துப் போகிறேன்.

இன்னொன்று, உங்கள் காசு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற இடம். 1948ல் சென்னை மாகாணத்தில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான். அந்தச் சட்டப்படிதான் உங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்கிறது. ரூபாய்க்குப் பத்து காசு. கடைக்கும் வீட்டுக்கும் வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும். காசு கட்டுகிறவருக்குச் சரக்கைக் கேட்க உரிமை உண்டு. கம்பத்தில், சின்னமனூரில், போடியில், பெரியகுளத்தில் இருக்கிற கிளை நூலகத்துக்குப் போய், ஆசிரியர்களுக்கான புத்தகங்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகுங்கள். நூலகரும் சந்தோஷப்படுவார். அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிற பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறையோடு இதையும் ஒரு பொருளாக வையுங்கள். ஆசிரியரை விசாரணை செய்கிற தொனியில் கேட்காதீர்கள். “டீச்சர், போன மாசம் என்ன படிச்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க” என்று நம் தாய்மார்கள் கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

பள்ளி நடத்துகிற நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன், இது காசைவிடக் கஷ்டம். நேரம் கொடுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம். அன்று அட்மிஷன் பிடிக்க வீடு வீடாக அனுப்பாதீர்கள், பதிவேடு எழுதச் சொல்லாதீர்கள். ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தைப் பேசட்டும். அதிலிருந்து ஒரே ஒரு காரியத்தை அடுத்த நான்கு வாரம் வகுப்பில் செய்து பார்க்கட்டும். அடுத்த மாதம் வந்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்லட்டும். ‘பகல் கனவு’ வாத்தியாருக்கே முதல் நாள் தோற்றது என்பதை நினைவில் வையுங்கள். நடக்கவில்லை என்று சொன்னவரை யாரும் குறித்து வைத்துக்கொள்ளக் கூடாது. தாளாளர் அந்த அறைக்குள் வரவே கூடாது. டீயும் வடையும் அனுப்பினால் போதும்.

இளைஞர்களே, உங்களில் பி.எட். படித்தவர்கள் பலர் ஏன் வளைகுடாவுக்கு விசா தேடுகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இங்கேயே இருந்து சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும், மாலையில் டியூஷன் நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் கணக்கு நன்றாகப் போட்டு வாசிக்க மட்டும் திணறுகிற பிள்ளை ஒன்று கண்டிப்பாக இருக்கும். இன்றிரவு அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்திப்பு அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, கம்பத்திலேயே. ஜவுளிக் கடைக்காரச் சகோதரர் ஒருவர் தம் மாடியைத் தருகிறேன் என்று இப்போதுதான் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். நம் சமுதாய ஆசிரியர்கள் மட்டுமல்ல, எந்தப் பள்ளி ஆசிரியரும் வரலாம். அரசுப் பள்ளி டீச்சர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியைகளுக்குத் தனியாக இடம் உண்டு. குழந்தைகளையும் கூட்டி வரலாம். புத்தகம் ‘பகல் கனவு’. என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். பெயரையும் போன் நம்பரையும் நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள்.

நான்காவது பிரதி மார்க்கெட் கடையில் இருக்கிறது. அவன் மகனுடைய டீச்சரிடம் கொடுக்கச் சொல்லி நானே போன வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.